ஆணி பொறுக்கிய முதலாளி: டி.வி.சுந்தரம் ஐயங்காரும் டயர் காத்தும்



ஆண்டு மலர் என்றாலே எடிசன், ஐன்ஸ்டீன், ஹென்றி ஃபோர்டு என்று கடல் தாண்டிய பெரியவர் ஒருவரின் வரலாறு கட்டாயம் இருக்கும். இருக்கட்டும், தப்பில்லை. ஆனால் நம்ம தமிழ்நாட்டிலேயே பஸ்ஸோடும் டயரோடும் ஆணியோடும் காலம் பூரா மல்லுக்கட்டிய மனிதர் ஒருவர் இருந்தார். அவர் பெயரின் மூன்று எழுத்தை நாம் தினமும் நூறு தடவை பார்க்கிறோம். ஆனால் அவரைப் பற்றித் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

ஊத்துக்குளி ரோட்டில் ஓர் ஐந்து நிமிஷம் நின்று பாருங்கள். திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு டி.வி.எஸ். மொபெட் வரும். ஓட்டுபவர் தலை மட்டும்தான் தெரியும். முன்னால் காலடியில் ஒரு மூட்டை, பின்னால் அவர் தலைக்கு மேல் உயர்ந்த பனியன் துணி மூட்டை. பின் டயர் பாவம், சப்பிப் போய் ரோட்டோடு ஒட்டிக்கொண்டு வரும். வண்டியில் எழுதியிருக்கும் அந்த மூன்று எழுத்துக்குச் சொந்தக்காரர்தான் திருக்குறுங்குடி வெங்கராம் சுந்தரம் ஐயங்கார். அவர் இருந்து அந்த டயரைப் பார்த்திருந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தச் சொல்லியிருப்பார் என்பது என் கருத்து. ஏன் என்று இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

வக்கீல், ரயில்வே, பாங்க்... அப்புறம் பஸ்!

1877ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் தேதி திருநெல்வேலிச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார் சுந்தரம் ஐயங்கார். வைணவர்களின் 108 திவ்ய தேசங்களில் ஒன்று அந்த ஊர். அந்தக் காலத்தில் படித்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இரண்டே வழிதான். ஒன்று கோர்ட், இன்னொன்று கவர்மென்ட் உத்தியோகம். தகப்பனார் ஆசைப்பட்டார் என்பதற்காக இவரும் வக்கீலாகத் தொழிலை ஆரம்பித்தார். அது ஒத்துவரவில்லை. ரயில்வேயில் வேலைக்குப் போனார். பிறகு பாங்கில் உட்கார்ந்து பார்த்தார். அதுவும் சரிப்படவில்லை.

சர்க்கார் சம்பளத்தையும் பாங்க் நாற்காலியையும் உதறிவிட்டு, 1911இல் தன் பெயரிலேயே ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 34! இருபத்தோரு வயதில் கேம்பஸ் இன்டர்வியூவில் பெயர் வரவில்லை என்றால் வாழ்க்கையே முடிந்துவிட்டது என்று ஹாஸ்டல் ரூமில் படுத்துக்கொள்ளும் நண்பர்கள் இந்த வயதைக் கொஞ்சம் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று தொழில் பார்த்து மூன்றையும் விட்டவர்தான் நாலாவது தொழிலில் நின்றார்.

1912இல் பஸ் விட்டார். தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் நடுவே ஓடிய அந்த பஸ்தான் தென்னிந்தியாவின் மோட்டார் போக்குவரத்துக்கு அஸ்திவாரம் போட்ட வண்டிகளில் ஒன்று. பிறகு மதுரையைத் தலைமையிடமாக வைத்துக்கொண்டு தொழில் வளர்ந்தது.

இன்றைக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு மோட்டார் என்பது ஜமீன்தார்களும் வெள்ளைக்கார அதிகாரிகளும் வைத்திருந்த ஆடம்பரப் பொருள். ரோடு என்றால் ஜல்லியும் மண்ணும். டயர் முதல் ஸ்பார்க் பிளக் வரை எல்லாமே கப்பலில் வர வேண்டும். ஒரு சாமான் உடைந்தால் அது வந்து சேர மாசக்கணக்கில் காத்திருக்கணும். இந்த நிலைமையில் சாதாரண ஜனங்களை ஏற்றிக்கொண்டு, தினமும், சொன்ன நேரத்துக்கு பஸ் ஓட்டுவது என்றால் லேசான காரியமா?

ஆனால் ஓட்டிக் காட்டினார். ஆள் நிரம்பினால்தான் கிளம்புவோம் என்றிருந்த காலத்தில், மணி அடித்தால் வண்டி கிளம்பியாக வேண்டும் என்பது அவர் கம்பெனியின் சட்டம். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்து ஜனங்கள் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார்கள் என்று மதுரைப் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் பேச்சு இன்றைக்கும் உண்டு. ரயில்வேயில் வேலை பார்த்தவர் அல்லவா? நேரத்தின் அருமை அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

மாட்டு லாடமும் பஸ் டயரும்

சரி, நேரம் தவறாமல் ஓட்ட வேண்டும் என்றால் முதல் எதிரி யார்? இன்ஜின் இல்லை, பிரேக் இல்லை. ஒரு சின்ன ஆணி!

நம்ம காங்கேயம் காளையைத் தெரியாதவர்கள் இந்த வட்டாரத்தில் கிடையாது. வண்டி மாட்டுக்கு லாடம் அடிப்பதை நம் வீட்டுத் தாத்தாக்கள் பார்த்திருப்பார்கள். மாட்டுக் குளம்பு இரண்டாகப் பிளந்தது. ஆகவே ஒரு காலுக்கு இரண்டு துண்டு லாடம். நாலு காலுக்கும் அடித்தால் ஒரு மாட்டுக்கு எட்டு. ஒவ்வொரு துண்டுக்கும் பல ஆணிகள். ஜோடி மாடு பூட்டிய வண்டி ஆயிரக்கணக்கில் ஓடிய ரோட்டில் எத்தனை லாட ஆணி உதிர்ந்து கிடந்திருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த ரோட்டில்தான் பஸ்ஸும் ஓட வேண்டும்.

வேறு முதலாளியாக இருந்தால் என்ன செய்திருப்பார்? டிரைவரைத் திட்டியிருப்பார். அல்லது வண்டிக்கு இரண்டு ஸ்டெப்னி கூடுதலாகக் கொடுத்திருப்பார். சுந்தரம் ஐயங்கார் பிரச்சினையின் வேரைப் பார்த்தார். ஆணி இரும்பு. இரும்பைக் காந்தம் இழுக்கும். காந்தம் பொருத்திய ஒரு வண்டியை ரோட்டில் ஓடவிட்டு, பஸ் வருவதற்கு முன்பே ஆணிகளைப் பொறுக்கி எடுக்க ஏற்பாடு செய்தார். டி.வி.எஸ். வரலாறு பேசுகிறவர்கள் யாரும் இந்தக் காந்த வண்டியைச் சொல்லாமல் விடுவதில்லை.

ஆறாம் வகுப்பு அறிவியல் பாடம்தான் நண்பர்களே இது! காந்தம் இரும்பை இழுக்கும் என்பது நாம் எல்லோரும் படித்ததுதான். பரீட்சையில் எழுதி இரண்டு மார்க்கும் வாங்கிவிட்டோம். அவர் அதை ரோட்டில் எழுதினார். பழுது வந்த பிறகு ரிப்பேர் செய்வது ஒரு வழி, பழுது வராமலே பார்த்துக்கொள்வது இன்னொரு வழி என்று மெயின்டனன்ஸ் பேப்பரில் ஒரு முழு யூனிட்டே நமக்கு உண்டு. அந்த யூனிட் முழுவதும் ஒரு காந்த வண்டிக்குள் அடங்கிவிட்டது.

டயருக்குள் இருப்பது வெறும் காத்துதானா?

இங்கே கொஞ்சம் நின்று டயரையே பார்ப்போம். ஏனென்றால் அடுத்து வரும் கதை புரிய இது தேவை.

காற்றடைத்த டயருக்கு முதன்முதலில் 1845இல் காப்புரிமை வாங்கியவர் ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். குதிரை வண்டிக்காகச் செய்தார். யாரும் கண்டுகொள்ளவில்லை. நாற்பது வருஷம் கழித்து பெல்ஃபாஸ்ட் நகரத்தில் மாட்டு டாக்டராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காக அதையே மறுபடி கண்டுபிடித்து 1888இல் காப்புரிமை வாங்கினார். தாம்சன் முன்பே செய்துவிட்டார் என்று தெரிந்ததும் அந்தக் காப்புரிமை செல்லாமல் போனது வேறு கதை.

வண்டியின் பாரத்தைத் தாங்குவது ரப்பரா, காத்தா? பெரும்பகுதி காத்துதான். கணக்கு ரொம்ப சுலபம். அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்தது. ஒரு சக்கரத்தின் மேல் 200 கிலோ பாரம். டயரில் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ காத்து, அதாவது கடைக்காரர் பாஷையில் சுமார் 28 பவுண்டு. அப்படியானால் ரோட்டைத் தொடுகிற பரப்பு தோராயமாக 100 சதுர சென்டிமீட்டர். நம்ம உள்ளங்கை அளவுதான்! காத்தைப் பாதியாகக் குறைத்தால் அதே பாரத்துக்கு 200 சதுர சென்டிமீட்டர் தேவைப்படும். டயர் சப்பிப் போவது இதனால்தான். காத்தை இரண்டு பங்காக்கினால் பரப்பு 50 ஆகச் சுருங்கும். பிடிப்பு குறையும், குழியில் விழுந்தால் முதுகெலும்பு பேசும். டயரின் பக்கச் சுவரும் கொஞ்சம் பாரத்தைத் தாங்கும் என்பதால் இது துல்லியமான கணக்கு இல்லை. ஆனால் விஷயம் விளங்கப் போதும்.

சப்பிப் போனால் என்ன, மெதுவாகப் போனால் ஆச்சு என்று சிலர் சொல்வார்கள். ஆபத்து அங்கேதான். காத்து குறைந்த டயரின் பக்கச் சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் சூடாகி ஒடிவது போலவே டயருக்குள்ளும் நடக்கிறது. உள்ளே இருக்கும் நூல் அடுக்கு அறுகிறது, ரப்பர் அதை விட்டுப் பிரிகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே டயர் செத்துப் போயிருக்கும்.

ஆமாம், நூல்! பனியன் ஊர்க்காரர்களான நமக்கு இது பெருமையான செய்தி. டயரின் எலும்புக்கூடு ரப்பர் இல்லை, நூல்தான். சுந்தரம் ஐயங்கார் பஸ் விட்ட காலத்தில் அது சுத்தமான பருத்தி நூல். பின்னால்தான் ரேயான் வந்தது, நைலான் வந்தது. இன்றைக்கு மோட்டார் சைக்கிள் டயரில் இருப்பது பெரும்பாலும் நைலான் நூல். ஆக, நூலைக் காப்பாற்றினால் டயரைக் காப்பாற்றலாம். நூலைக் காப்பாற்றுவது எது? சரியான அளவு காத்து.

லாட ஆணி செய்கிற பெரிய கெடுதலும் இதுதான். டயர் பட்டென்று வெடித்தால் டிரைவர் நிறுத்திவிடுவார். ஆணி மெதுவாகக் காத்தை இறக்கினால் தெரியாமலே பத்து மைல் ஓட்டுவார். பஞ்சர் ஒட்ட ஆகும் செலவு சின்னது. உள்ளே அறுந்த நூலை யார் ஒட்டுவது? காந்த வண்டி காப்பாற்றியது நேரத்தை மட்டுமல்ல, டயரின் உயிரையும்தான்.

ரப்பரும் இல்லை, பெட்ரோலும் இல்லை!

இப்போது கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருவோம்.

1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது. 1942 பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. மலேயாவும், அடுத்த மாதமே ஜாவா, சுமத்ராவும் போயின. உலகத்து இயற்கை ரப்பரில் பத்தில் ஒன்பது பங்கு விளைந்தது அந்தத் தோட்டங்களில்தான். கிடைத்த கொஞ்ச ரப்பரும் ராணுவ லாரிக்கும் விமானத்துக்கும் போனது. பஸ் கம்பெனிக்காரன் புது டயர் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

அப்போது சுந்தரம் ஐயங்காருக்கு வயது 65. முப்பது வருஷம் பாடுபட்டு வளர்த்த தொழில். அதை நம்பி எத்தனை டிரைவர், கண்டக்டர், ஃபிட்டர் குடும்பங்கள்! பெட்ரோல் இல்லாவிட்டால் இன்ஜின் நிற்கும். டயர் இல்லாவிட்டால் சக்கரம் நிற்கும். இரண்டும் சேர்ந்து நின்றால் கம்பெனியே நின்றுவிடும். வயசாயிற்று, போர் முடியட்டும் பார்க்கலாம் என்று அவர் உட்கார்ந்திருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

அவர் உட்காரவில்லை. பெட்ரோல் இல்லையா? கரி இருக்கிறதே! கரியைக் குறைவான காத்தில் எரித்தால் அது முழுசாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அந்த வாயுவே எரியக்கூடியது. அதைக் குளிரவைத்து, தூசி வடிகட்டி, இன்ஜினுக்குள் விட்டால் பெட்ரோல் இல்லாமலே வண்டி ஓடும். இந்தத் தத்துவத்தில் டி.வி.எஸ். கேஸ் பிளான்ட் என்ற சாதனத்தை வடிவமைத்துத் தயாரித்தார். பஸ்ஸின் பின்புறம் ஓர் உயரமான கொதிகலன் மாதிரி நிற்கும். ஜனங்கள் வைத்த பெயர் கரி பஸ்.

கரி பஸ்ஸில் கஷ்டம் நிறைய. விடியற்காலையில் எழுந்து அடுப்பு மூட்டி, விசிறியைச் சுற்றி, வாயு வரும்வரை காத்திருக்கணும். பெட்ரோலில் வரும் சக்தி இதில் வராது. மேடு வந்தால் மூச்சு வாங்கும். வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்யாவிட்டால் இன்ஜின் தேய்ந்துவிடும். ஆனாலும் வண்டி ஓடியது. சந்தைக்குப் போகிறவன் போனான், ஆஸ்பத்திரிக்குப் போகிறவள் போனாள். அதுதானே வேண்டும்?

பழைய டயருக்கு மறுபிறவி

அடுத்தது டயர். நம்ம ஒர்க்ஷாப் பாஷையில் ரீபட்டன் என்பார்களே, அந்த ரீட்ரெடிங்குக்காக அவர் ஒரு தொழிற்சாலையையே தொடங்கினார்.

டயர் மொட்டையாகிவிட்டது என்றால் தேய்ந்தது மேல்தோல் மட்டும்தான். உள்ளே நூல் அடுக்கும் பக்கச் சுவரும் நன்றாக இருக்கும். மேலே மிச்சமிருக்கும் பழைய ரப்பரைச் சொரசொரப்பாகச் சுரண்டி, ரப்பர் கரைசல் தடவி, புது ரப்பர்ப் பட்டையைச் சுற்றி, அச்சுக்குள் வைத்துச் சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் அழுத்தி வேகவைத்தால், புது ரப்பர் கந்தகத்தோடு சேர்ந்து இறுகிப் பழசோடு ஒன்றாகிவிடும். சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டுபிடித்த வல்கனைசேஷன்தான் இது. புது டயருக்கு ஆகும் ரப்பரில் ஒரு பகுதி போதும். அதே டயர் மறுபடி ஆயிரக்கணக்கான மைல் ஓடும்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. எலும்புக்கூடு நன்றாக இருந்தால்தான் புதுத் தோல் போர்த்த முடியும். காத்து குறைவாக வைத்து ஓட்டி, உள்ளே நூல் அறுந்த டயரை எந்தத் தொழிற்சாலையாலும் பிழைக்கவைக்க முடியாது. போட்டாலும் ரோட்டில் பாளம் பாளமாகப் பிய்த்துக்கொண்டு போகும். ஹைவேயில் பாம்பு செத்துக் கிடப்பது போல லாரி டயர்ப் பட்டைகள் கிடக்குமே, செங்கப்பள்ளி பக்கம் போனால் நீங்களே பார்க்கலாம். அவற்றில் பலவற்றின் பின்னால் இருப்பது காத்துக் குறைவும் அதனால் வந்த சூடும்தான்.

ரப்பரே கிடைக்காத போர்க்காலத்தில் ஒரு டயரின் எலும்புக்கூடு எவ்வளவு பெரிய சொத்து என்று இப்போது புரிகிறதா? தினமும் காலையில் ஒரு நிமிஷம் காத்து பார்ப்பது அந்தச் சொத்துக்குப் போடும் பூட்டு. ஆணி பொறுக்கியது, டயரைப் பிழைக்கவைத்தது இரண்டும் தனித்தனி சாமர்த்தியம் இல்லை. ஒரே புத்தியின் இரண்டு முகம்.

வீட்டுக்குள்ளும் ஒரு புரட்சி

தொழிலில் மட்டும் துணிந்தவர் என்று நினைக்க வேண்டாம். அவர் மகள் சௌந்தரத்துக்கு அந்தக் கால வழக்கப்படி சின்ன வயதிலேயே கல்யாணம் நடந்தது. டாக்டரான கணவர் கொள்ளை நோயில் இறந்துபோனார். விதவை என்றால் மூலையில் உட்கார வைத்த காலம் அது. ஆனால் பெற்றோர் மகளைப் படிக்கவைத்தார்கள். டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து 1936இல் டாக்டரானார். 1940இல் காந்தியடிகள் ஆசியோடு ஜி.ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். மறுமணத்துக்கு வீட்டில் முதலில் சம்மதம் இல்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பெரிய மனிதர்களும் அவர்கள் காலத்தோடு போராடித்தான் நகர்ந்தார்கள். அந்த டாக்டர் சௌந்தரமும் ராமச்சந்திரனும் 1947இல் திண்டுக்கல் அருகே சின்னாளப்பட்டிப் பக்கம் தொடங்கியதுதான் காந்திகிராமம். இன்றைக்கு அங்கே ஒரு பல்கலைக்கழகமே நடக்கிறது.

சரியான காத்து எவ்வளவு?

இவ்வளவு படித்துவிட்டு நம் வண்டிக்குக் காத்து பார்க்காமல் போனால் என்ன பிரயோஜனம்? அதனால் கொஞ்சம் பிராக்டிகல்.

முதலாவது, டயரின் பக்கத்தில் அச்சடித்திருக்கும் பெரிய எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. நாம் வைக்க வேண்டிய அளவு வண்டியோடு வரும் கையேட்டில் இருக்கும். ஒற்றை ஆளுக்கு ஓர் அளவு, இரண்டு பேருக்கு ஓர் அளவு என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள்.

இரண்டாவது, காலையில் வண்டி எடுக்கும் முன் பார்க்க வேண்டும். ஓடின டயர் சூடாக இருக்கும், கேஜ் கூடுதலாகக் காட்டும். தெர்மல் பேப்பரில் படித்த வாயு விதியைப் போட்டுப் பாருங்கள். 27 டிகிரியில் 30 பவுண்டு இருந்தால், டயர் 60 டிகிரிக்குச் சூடேறும்போது சுமார் 35 பவுண்டு காட்டும். வெளிக்காத்தின் அழுத்தம் 14.7ஐக் கூட்டிக்கொண்டு கணக்குப் போடணும், மறந்துவிடாதீர்கள். சூடான டயரில் 35 இருக்கிறது என்று காத்தை இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் சப்பிக் கிடக்கும்.

மூன்றாவது, இதையே திருப்பிப் போட்டால் ஒரு நல்ல சோதனை கிடைக்கும். குளிர்ந்த டயரில் ஓர் அளவு வைத்து, வழக்கமான சுமையோடு அரை மணி நேரம் ஓட்டி உடனே கேஜ் வைத்துப் பாருங்கள். அழுத்தம் பத்துச் சதவீதம் போல ஏறியிருந்தால் சரி. ரொம்ப அதிகமாக ஏறியிருந்தால் டயர் அதிகம் மடங்கிச் சூடாகிறது, அதாவது ஆரம்பத்தில் காத்து போதவில்லை என்று அர்த்தம். ஏறவே இல்லை என்றால் காத்து அதிகம்.

நாலாவது, கார் டயரை மோட்டார் சைக்கிளில் போடலாமா என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. வெளிநாட்டில் தொலைதூரம் ஓட்டும் சிலர் பெரிய பைக்கின் பின்சக்கரத்தில் அப்படிப் போடுவதுண்டு. சைடுகார் வைத்த வண்டியிலும் உண்டு. சைடுகார் வண்டி சாயாது, அதனால் அங்கே பொருந்துகிறது. ஆனால் கார் டயரின் முகம் தட்டை, பைக் டயரின் முகம் வளைவு. வளைவில் பைக் சாயும்போது தட்டை டயர் ஓரத்தில்தான் நிற்கும். ரிம்மில் உட்காரும் பீடு பகுதியின் வடிவமும் வேறு. டயர் கம்பெனிகள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

காத்துக் கணக்கிலும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. லோடு இண்டெக்ஸ் 82 என்று போட்ட கார் டயர் 475 கிலோ தாங்கும். பைக்கின் பின்சக்கரத்தில் ஆளோடு சேர்த்து 200 கிலோ வந்தாலே அதிகம். ஆகவே காருக்கு வைக்கும் காத்தை அப்படியே வைத்தால் நடுப்பகுதி மட்டும் ரோட்டைத் தொட்டு நடுவில் மட்டும் தேயும். தட்டை டயரில் குறுக்கே ஒரு சாக்பீஸ் கோடு இழுத்து, நேர் ரோட்டில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காத்து அதிகம், இரண்டு ஓரத்தில் மட்டும் அழிந்தால் குறைவு, முழுக்க ஒரே மாதிரி அழிந்தால் சரி. காத்தின் அளவு டயருக்கானது இல்லை, அதன் மேல் உட்காரும் பாரத்துக்கானது என்பதுதான் இதிலிருந்து நாம் கற்க வேண்டியது.

நம்ம ஊர் டயர் வண்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம். பழைய லாரி டயரை மாட்டு வண்டிக்குப் போட்டு வருஷக்கணக்கில் ஓட்டுவதைப் பார்த்திருப்போம். மாடு நடப்பது மணிக்கு நாலைந்து கிலோமீட்டர். டயர் சூடாகவே வழியில்லை. அதே கணக்கை அறுபதில் போகும் பைக்குக்குப் போட்டால் வீட்டுக்குத் திரும்ப முடியாது.

அவர் விட்டுச் சென்றது

தொழிலைப் பிள்ளைகள் கையில் ஒப்படைத்துவிட்டு ஓய்வு பெற்ற சுந்தரம் ஐயங்கார், 1955 ஏப்ரல் 28ஆம் தேதி கொடைக்கானலில் காலமானார். அப்போது சதர்ன் ரோடுவேஸ், சுந்தரம் மோட்டார்ஸ், மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ் என்று கிளைகள் விரிந்திருந்தன. 1972இல் மதுரைப் பக்கத்து டி.வி.எஸ். பஸ்கள் அரசுடைமையாகி, பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. பஸ் போனாலும் பெயர் போகவில்லை. சக்கரம், பிரேக் என்று குடும்பம் அதற்கு முன்பே உற்பத்தியில் இறங்கியிருந்தது. 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது. 1982இல் மதுரையில் டயர் செய்யவே ஒரு கம்பெனி தொடங்கப்பட்டது.

இன்றைக்கு அந்த மொபெட்டின் வாரிசு வண்டியில்தான் நம் அண்ணன் தம்பிகள் நிட்டிங்கிலிருந்து டையிங்குக்கும், டையிங்கிலிருந்து கட்டிங்குக்கும் துணி மூட்டை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். ஊத்துக்குளி வெண்ணெய்க்காரர் முதல் பால்காரர் வரை அதுதான் வாகனம். அந்தப் பின் டயர் வெடித்தால் விழுவது மூட்டை மட்டும் இல்லை, ஒரு குடும்பத்தின் சோறு. பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நண்பர்களே! நாம் டிப்ளமோக்காரர்கள். பெரிய ஆராய்ச்சிக்கூடம் நமக்குக் கிடைக்காமல் போகலாம். ஆனால் ஒரு காந்தம், ஒரு கேஜ், ஒரு சாக்பீஸ் எல்லோருக்கும் கிடைக்கும். எதிரில் இருக்கும் பிரச்சினையைக் குனிந்து பார்க்க மனசு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒரு பஸ் கம்பெனி முதலாளி ரோட்டில் கிடக்கும் லாட ஆணியைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கவில்லை. நாளைக்குக் காலையில் காலேஜுக்குக் கிளம்பும்போது வண்டியை ஸ்டாண்டு போட்டு, டயரில் காத்து எவ்வளவு என்று பாருங்கள். அப்படியே தெருமுனையில் மூட்டை கட்டிக்கொண்டிருக்கும் அண்ணனின் பின் டயரையும் ஒரு பார்வை பார்த்து, காத்து கம்மியா இருக்குங்கண்ணா என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

அந்த மூன்று எழுத்துக்காரருக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.